எத்தன வால்?

இது நடந்தது. ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று ஐம்பதுக்கு, குரங்கணிக்கு மேலே குதிரைத் தடத்தில் நடந்தது. இதில் இருக்கிற ஒரே சிக்கல், நடந்தது ஸ்டான்லிக்கு என்பதுதான்.

போடியில் ஸ்டான்லி எதைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை. சாக்கு, தார்ப்பாய், சணல் விற்கிற கடை. நாற்பத்தெட்டு வயது, தொண்ணூற்றாறு கிலோ. ஏலக்காய் வியாபாரிகள் பாதிப் பேர் சாக்கு வாங்க வருவார்கள், பாதிப் பேர் ஸ்டான்லியின் வாயைக் கேட்க வருவார்கள். சாக்குக் கட்டுக்குள் நல்லபாம்பு என்று ஒருநாள் அலறி, எதிர்க்கடைக்காரரை மேஜைமேல் ஏறவைத்துப் படம் பிடித்தவர். அப்படிப்பட்டவர் இதை ஒரு தடவைகூடச் சிரிக்காமல் சொன்னார். "இந்த மனுசன் பொய் சொன்னா மூக்கு வெடைக்கும். இதச் சொல்றப்ப வெடைக்கல" என்றாள் அவர் மனைவி அபிஷா. இருபத்திரண்டு வருடம் அந்த மூக்கோடு குடித்தனம் நடத்தியவள் சொன்னால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஸ்டான்லிக்குக் குதிரைப் பைத்தியம். சவாரி செய்கிற பைத்தியம் அல்ல. ஒரே ஒரு தடவை ஏறினார். பஸ் ஸ்டாண்டு முன்னால் குதிரை அவரை இறக்கிவிட்டது, அவர் கேட்காமலே. அவருக்கு வேண்டியது குட்டி. குதிரையை இனம் சேர்த்து, குட்டி எடுத்து, அது தள்ளாடி எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கி, கிராம்பு என்று பெயர் வைத்தார். முதல் குட்டி சித்திரை வெயிலில் செத்துப் பிறந்தது. அன்று கடையைப் பூட்டிக்கொண்டு சாக்குக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். கேட்டவர்களிடம், புதுச் சாக்குத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

கிராம்பு இரண்டாவது தடவை சினையானதும் வெயிலுக்குப் பயந்து மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். பத்து மாதம் நன்றாகத்தான் மேய்ந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் கால்நடை டாக்டர் ராம்பிரசாத் சத்தம் போட்டார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல ஈனிரும். மேல ஏதாவது ஆச்சுன்னா நான் பறந்தா வர்றது? கீழ கொண்டாங்க."

அபிஷா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "இந்தக் குட்டியும் போச்சுன்னா நீங்க தாங்க மாட்டீக. போயிக் கூட்டிட்டு வாங்க."

தோட்டத்திலிருந்து குரங்கணி வரை ஒன்பது கிலோமீட்டர். வண்டி போகாது. சுமைக் குதிரைகள் நடந்து நடந்து உண்டான தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. துணைக்கு மொக்கம்மாள் வந்தாள். மூன்று சுமைக் குதிரைகள் வைத்து, தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றுகிறவள். நாற்பத்தைந்து வயது. அவளுடைய வாய்க்கு முன்னால் ஸ்டான்லியின் வாய் வெறும் கொட்டாவி.

"அண்ணே, குதிரயப் பாத்துக்கிடலாம். உங்கள யாரு சொமக்கிறது?"

"ஆத்தா, நான் என்ன லோடா?"

"லோடுன்னா வாடக கேப்பேன். நீங்க வெறும் பாரம்."

மதியம் ஒன்றரைக்கு இறங்கத் தொடங்கினார்கள். மூன்று இருபதுக்கு மேலே எங்கோ இடித்தது. மொக்கம்மாள் நின்று காதைக் கொடுத்தாள்.

"ஓடை ஏறுது. நான் முன்னால போயி என் மூணு உருப்படியவும் அந்தப் பக்கம் கட்டிட்டுத் திரும்பி வர்றேன். கிராம்ப ரெண்டு பேராத்தான் கடத்தணும். நீங்க மெல்ல வாங்க. தடம் ஒண்ணுதான், வழி தப்பாது."

பத்தடி போனவள் திரும்பி வந்தாள்.

"எதுர்ல யாராச்சும் வந்தா என்ன செய்யணும்னு தெரியுமா?"

ஸ்டான்லிக்குத் தெரியும். ஏறும்போதே நாலு தடவை கேட்டிருந்தார், ரசித்தும் இருந்தார். அந்தத் தடத்தில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று தாண்ட முடியாது. அங்கங்கே பாறையைக் குடைந்து ஒதுக்கு விட்டிருப்பார்கள். ஒரு கூட்டம் ஒதுக்கில் ஏறி நின்றுகொண்டு, "எத்தன வால்?" என்று கேட்கும். எதிரே வருகிறவர் தன் குதிரைகளின் எண்ணிக்கையைக் கத்திச் சொல்ல வேண்டும். அத்தனை வாலும் கடந்து போகும்வரை ஒதுங்கியவர்கள் அசையக் கூடாது. மேகம் இறங்கினால் கண் தெரியாது, எண்ணிக்கைதான் கண். ஒன்று பாக்கி இருக்கும்போது காலை எடுத்து வைத்தால், குதிரையும் குதிரையும் மோதி, அந்த ஒன்றுமில்லாத பக்கம் போய்விடும்.

"தெரியும் ஆத்தா. வால எண்ணிச் சொல்லணும்."

மொக்கம்மாள் கிராம்பின் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"மண்ண மிதிக்கிறத மட்டும் எண்ணுங்க. வயித்துல கெடக்கறத எண்ணிறாதீக. வெளையாட்டுக்குக்கூட."

"சரி."

"சரின்னா சரியா இருக்கணும்."

அவள் குதிரைகளின் லாடச் சத்தம் வளைவில் மறைந்தது. மூன்று முப்பத்தைந்து. மேகம் இறங்கியது. முதலில் எதிர்மலை போயிற்று. பிறகு பள்ளம் போயிற்று. பிறகு கிராம்பின் காதுகள்கூட மங்கின. ஸ்டான்லி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் அதனிடம் பேசிக்கொண்டே நடந்தார். நாம ரெண்டு பேரு இல்லடா கண்ணு, மூணு பேரு. நீ, நான், உள்ள இருக்கிற ஐயா. பத்து மாதமாக ஊரெல்லாம் அவர் சொல்லித் திரிந்த கணக்கு அது. எத்தனை குதிரை வைத்திருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், ரெண்டு என்பார். நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

மூன்று ஐம்பது.

மணிச் சத்தம். குதிரைக் கழுத்து மணி. கீழேயிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்தா... தெரியவில்லை.

"ஹோ... எத்தன வால்?"

ஆண் குரல். களைத்த குரல். ஸ்டான்லிக்கு ஒரே குஷி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரையும் ஒரு குதிரைக்காரன் என்று நினைத்து ஒருவன் கேட்கிறான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினார்.

"ரெண்டு வால்!"

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. சரி, இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ரெண்டா?"

"ஆமாப்பா."

"வாங்க. நாங்க அஞ்சு. ஒதுங்கித்தான் நிக்கிறோம்."

ஒதுக்கு பாறைப் பக்கம். கிராம்பு எப்போதும் பாறையை ஒட்டித்தான் நடக்கும். அன்று பள்ளத்துப் பக்கம் ஒட்டியது. ஸ்டான்லி இழுத்தும் வரவில்லை. அதன் பிடரி நடுங்கியது.

மேகத்துக்குள் ஐந்து உருவம் வரிசையாக நின்றன. முதுகில் மூட்டை. அட்டை கடிக்கிற காலம்; நின்ற குதிரை காலை உதற வேண்டும், வாலை வீச வேண்டும். ஒரு வால்கூட அசையவில்லை. கிராம்பின் மூக்கிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அந்த ஐந்தின் மூக்கிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

முட்டிவரை சேறு. இல்லை... கழுத்துவரை சேறு.

இதையெல்லாம் பார்த்தும் ஸ்டான்லி கவலைப்பட்டது மூட்டைகளைப் பற்றி. பச்சைக் கோடு போட்ட சணல் சாக்கு. அந்தச் சாக்கு வருவது நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதெல்லாம் பிளாஸ்டிக்தான். யாருடா இன்னும் இந்தச் சரக்கை விற்கிறது, நமக்குத் தெரியாமல்? வியாபாரி புத்தி. பேயே எதிரில் நின்றாலும் சாக்கைத்தான் பார்க்கும் என்று பின்னால் அவரே சொன்னார்.

கடந்து பத்தடி போயிருப்பார்.

"ஒண்ணுதாண்ணே போச்சு."

ஸ்டான்லி சிரித்தார். "இன்னொண்ணு வயித்துல இருக்குப்பா!"

ஓடைச் சத்தம் மட்டும். பிறகு, அதே களைத்த குரலில்:

"அப்ப நிக்கிறோம்."

நான்கு ஐந்து.

அடுத்த ஒதுக்கு அரைக் கிலோமீட்டர் கீழே. மேகம் இன்னும் தடித்திருந்தது. ஸ்டான்லி இப்போது பேசவில்லை. கிராம்புதான் நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தது. பிறகு, பார்ப்பதை நிறுத்திவிட்டது. முன்னால் பார்த்தது.

மணிச் சத்தம். முன்னாலிருந்து.

அவரைத் தாண்டி யாரும் போகவில்லை. தாண்ட இடமே இல்லை.

"இன்னொண்ணு வந்துருச்சாண்ணே?"

அதே குரல். அதே ஐந்து உருவம், பாறையோரம். அதே பச்சைக் கோடு.

ஸ்டான்லியின் வாய், ஊரையே சிரிக்கவைத்த வாய், திறந்தது. சத்தம் வரவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை இறுக்கிக்கொண்டு, பள்ளத்தை ஒட்டி நடந்தார்.

"நிக்கிறோம்."

ஜெபம் சொன்னார். பாதியில் மறந்துவிட்டது. மீதிக்குத் தார்ப்பாய் அளவுகளைச் சொன்னதாகப் பின்னால் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டுக்குப் பதினைந்து... பதினைந்துக்கு இருபது...

நான்கு இருபது.

கிராம்பு நின்றது.

பின்னங்காலில் பால் வடிந்தது. வயிறு ஒருபக்கமாக இறுகி, தளர்ந்தது. முன்னங்காலை மடக்கப் பார்த்தது. படுக்கப் போகிறது. இங்கே. மூன்றடித் தடத்தில்.

இரண்டு வாரம் இருக்கிறது என்றாரே டாக்டர்...

"வேண்டாம்டா. இங்க வேண்டாம். கண்ணு, எந்திரி..."

மணி அடித்தது. மிகப் பக்கத்தில்.

"இப்ப வருதா?"

"இல்ல! நான் தப்பாச் சொல்லிட்டேன்! ஒரே வால்! ஒண்ணுதான்!"

"சொல்லிட்டா நிக்கணும்ல..."

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை.

மெல்ல... கிராம்பின் வயிற்றில் வைத்தது. ஈனுகிற நாள் பார்க்கிறவன் வைக்கிற மாதிரி.

உள்ளே குட்டி உதைத்தது. கிராம்பின் தோல் அந்தக் கைக்குக் கீழே எழும்பி இறங்கியதை ஸ்டான்லி கண்ணால் பார்த்தார்.

அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். ஓடியது தப்பிக்க அல்ல. கிராம்பின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். தொண்ணூற்றாறு கிலோ அன்றைக்குத்தான் யாருக்காவது உபயோகப்பட்டது. கிராம்பு தடுமாறி எழுந்தது. நடந்தது. ஓடியது.

நான்கு நாற்பத்தைந்து. ஓடைக்கு இந்தப் பக்கம் மொக்கம்மாள் ஈரப் புடவையோடு ஏறி வந்தாள். ஸ்டான்லியின் முகத்தைப் பார்த்தாள். கிராம்பின் வயிற்றைப் பார்த்தாள். அங்கே செம்மண் சேற்றில் ஐந்து விரல்.

"எத்தனன்னு சொன்னீக?"

"ரெண்டு..."

பளார் என்று ஓர் அறை. போடிக் கடைவீதியில் நாலு பேர் மதிக்கிற ஆள் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. அறைந்த கையாலேயே முந்தானையை எடுத்து அந்தச் சேற்றைத் துடைத்தாள். ஆனால் துடைப்பதற்கு முன்னால், ஒரு நொடி, தன் விரல்களை அந்த விரல்கள்மேல் வைத்துப் பார்த்தாள். ஏன் என்று ஸ்டான்லிக்கு அப்போது புரியவில்லை.

"வெரசா நடங்க."

அதற்குமேல் குரங்கணி வரை அவள் பேசவே இல்லை.

அன்று இரவு ஏழு முப்பத்தைந்துக்குப் போடிக் கொட்டகையில் கிராம்பு ஈன்றது. பெட்டைக் குட்டி. உயிரோடு. நான்கு காலும் நான்கு திசைக்குப் போக, விழுந்து, எழுந்து, விழுந்து, எழுந்து நின்றது. டாக்டர் ராம்பிரசாத் கையைத் துடைத்துக்கொண்டே, ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருச்சு, அவசரக்காரி என்றார். அபிஷா அழுதாள். ஸ்டான்லிக்கு மறுபடியும் சாக்குத் தூசி.

நடந்ததை எப்படியாவது மறந்திருப்பார். வாய்தான் விடவில்லை.

பத்து நாள் கழித்துக் குரங்கணி டீக்கடையில் சுமைக் குதிரைக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டான்லி போய், புது அனுபவசாலி என்ற தோரணையில், "வயித்துல இருக்கிற குட்டிய எண்ணக் கூடாதுன்னு வச்சிருக்கீகளே, ரொம்ப சரியான வழக்கம்ப்பா" என்றார்.

"அப்படி ஒரு வழக்கமா?" ஈஸ்வரன் என்கிற குதிரைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக அந்தத் தடத்தில் நடக்கிறவர். "நான் கேள்விப்பட்டதே இல்லையே. குட்டியப் போயி எவன் எண்ணுவான்? யாருண்ணே சொன்னது?"

"மொக்கம்மா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஈஸ்வரன்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி.

"பதிமூணு வருசம் ஆச்சு. இதே ஐப்பசி. மொக்கம்மா புருசன் சோலைமலை அஞ்சு குதிரையோட லோடு ஏத்திட்டு மேல போனாப்ல. மொக்கம்மா மேலருந்து வேற அஞ்சாறு உருப்படியோட எறங்குறா. அவளுக்கு வழி விட்டு சோலைமலை ஒதுக்குல நின்னாப்ல. இவ கடந்து வந்துட்டா. அஞ்சு நிமிசம் கழிச்சு மல சரிஞ்சிருச்சு. ஆளும் கெடைக்கல, குதிரையும் கெடைக்கல. எல்லாந்தான் கடந்தாச்சே, அதுக்கப்புறம் எதுக்கு அங்கனயே நின்னாப்லன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல."

"மொக்கம்மா குதிரைல ஏதாவது... சினையா இருந்துச்சா?"

"ஆமா, ஒண்ணு நெற சினை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டான்லி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். வந்தவருக்கு அன்று தூக்கம் இல்லை. அறை வாங்கிய கன்னத்தை அவ்வப்போது தடவிக்கொண்டார்.

தை பிறந்ததும் மொக்கம்மாள் கொட்டகைக்கு வந்தாள். குட்டி அதற்குள் கொட்டகையைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"ஈஸ்வரன் சொல்லிட்டானாமே."

"சொன்னாரு."

"அவரு எத்தன வாலுன்னு கேட்டாரு. ஆறுதான் வச்சிருந்தேன். ஏழுன்னு கத்துனேன்." கிராம்பின் பக்கம் கையைக் காட்டினாள். "இது மாதிரி ஒண்ணு நெற சினையா இருந்துச்சு. ஒரு பெருமதாண்ணே. மொத குட்டி. புருசங்கிட்ட வெளையாடாம யாருகிட்ட வெளையாடுறது? ஆறும் கடந்து வளைவு திரும்புன பெறகுதான், அவருக்கு வெளையாட்டுன்னு தெரியாதேன்னு தோணுச்சு. சத்தம் கொடுக்கத் திரும்புனேன். அதுக்குள்ள..."

குட்டி வந்து அவள் புடவையைக் கடித்து இழுத்தது. அவள் தடுக்கவில்லை.

"பதிமூணு வருசமா தெனம் அந்தத் தடத்துல போறேன். ஒருநாளும் என்னைய எதுவும் கேட்டதில்ல. உங்ககிட்டதான் கேட்டிருக்காரு. என்ன சொன்னாரு?"

எதைச் சொன்னாலும் நாலு கூட்டிச் சொல்கிறவர் ஸ்டான்லி. இதை மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நிக்கிறோம்னாரு."

மொக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எனக்குக் கொண்டுபோய்க் காட்டக் குட்டி இல்லண்ணே. அன்னைக்கு ராத்திரியே செத்துப் பெறந்துச்சு. உங்களுக்கு இருக்கு. ஒரே ஒரு தடவ அந்த ஒதுக்கத் தாண்டி இது நடந்துருச்சுன்னா எண்ணிக்க முடிஞ்சுரும். அவரு கெளம்பிருவாரு."

ஸ்டான்லி குட்டியைப் பார்த்தார். முடியவே முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். செத்துப் பிறந்த குட்டி அவர் கண்முன் வந்தது. அந்தக் கை வந்தது. முடியாது.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள் அபிஷா, பின்னாலிருந்து. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "குட்டிக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்களையும் சேத்துத் தள்ளிவிட்டுருவேன். ஆனா கூட்டிட்டுப் போங்க. பதிமூணு வருசம் நின்னா கால் என்னத்துக்கு ஆகும்?"

மாசி மூன்றாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். காலையில் ஏறிப் போகும்போது அந்த ஒதுக்கில் ஒரு பல்லிகூட இல்லை. எண்ணிக்கை சொன்னது இறங்கும்போது. ஆகவே இறங்கும்போதுதான் எதுவும் நடக்கும். மேலே நிழலில் மாலைவரை காத்திருந்தார்கள்.

மூன்று ஐம்பது. ஸ்டான்லி கிராம்பை முதலில் கடத்தினார். நின்று திரும்பினார். குட்டி பின்னால் இருபதடியில். அதற்கும் பின்னால், மேட்டில், மொக்கம்மாள்.

கத்தினார்.

"ரெண்டாவது வால் எறங்குதப்போவ்!"

எந்தச் சத்தமும் இல்லை.

குட்டி வந்தது. ஒதுக்குக்கு நேரே வந்ததும் நின்றது.

கழுத்தை நீட்டியது. வெறும் பாறையைப் பார்த்து... மூக்கை விரித்தது. பின்வாங்கியது. ஒரு பின்னங்கால் தடத்தின் விளிம்பில். கல் ஒன்று உருண்டது. விழுகிற சத்தம் வெகுநேரம் வரவில்லை.

கூப்பிட்டால் மிரளும். ஓடினால் மிரளும்.

மூன்று ஐம்பத்தொன்று.

குட்டியின் பிடரிமயிர் அசைந்தது. காற்று இல்லை. ஒரு தடவை... இரண்டு தடவை. தடவிக்கொடுத்த மாதிரி.

குட்டி விளிம்பிலிருந்து காலை எடுத்தது. நடந்தது. கடந்தது. நேரே ஸ்டான்லியின் வயிற்றில் வந்து முட்டியது.

அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். தூசி என்று சொல்லவில்லை.

அப்போது மணி கேட்டது. ஒன்று. லாடச் சத்தம். இரண்டு. மூன்று. பாரம் சுமந்த குதிரைகள் ஏறுகிற சத்தம், வெயிலில், ஒன்றுமே இல்லாத தடத்தில். மேட்டில் நின்ற மொக்கம்மாள் பாறையோரம் ஒதுங்கினாள். சத்தம் அவளைக் கடக்கும்வரை தலைகுனிந்து நின்றாள். அவள் உதடு எண்ணியது.

"நீங்க எறங்குங்கண்ணே" என்றாள், திரும்பாமல். "எனக்கு மேல ஒரு சோலி இருக்கு."

சத்தத்துக்குப் பின்னாலேயே ஏறிப் போனாள். ஸ்டான்லி கூப்பிட்டார். கூப்பிட்டது தன் காதுக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் குரங்கணிக்கு இறங்கிவந்தாள். தனியாக. டீ குடித்தாள். தன் குதிரைகளுக்குத் தீனி வைத்தாள். எங்க இருந்த ஆத்தா என்று ஸ்டான்லி கேட்டதற்கு, தோட்டத்துல படுத்திருந்தேன் என்றாள். யாரோட என்று கேட்டதற்கு, "தனியாத்தாண்ணே, வேற யாரு" என்றாள்.

கதை அதோடு முடிந்திருக்கும். முடிந்திருந்தால் ஸ்டான்லி இன்றைக்கு இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவார்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஒருவர் தார்ப்பாய் வாங்க வந்தார். விஜயகுமார் என்று பெயர், அந்த ஏலத்தோட்டத்தின் புதுக் காவல்காரர். பூப்பாறைப் பக்கத்து ஆள். பேச்சில் பாதி மலையாளம். தைமாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். போடிக்கு அதுதான் முதல் தடவை. குரங்கணியில் ஒருவரையும் தெரியாது. பேச்சுவாக்கில் அவரே சொன்னார்.

"குதிரக்காரச் சேச்சி ஒண்ணு வரும்ல, அது முன்னொருநாள் சாயங்காலம் புருசனோட வந்துச்சு. ஞாயித்துக்கெழம. அஞ்சு குதிர, முழு லோடு. கேட்டுல எறக்கி வச்சிட்டு, குடிக்க வெள்ளம் கேட்டாரு அந்தச் சேட்டன். கொடுத்தேன். நல்ல மனுசன். ஆனா ஊரு நடப்பு ஒண்ணும் தெரியல பாவம்."

"ஏன்?"

"அகலப் பாதையா மாத்துறோம்னு போடி ரயில நிறுத்தி வச்சிருக்காகளே, எப்ப மறுபடி விடுவாகன்னு கேட்டாரு. அது ஓட ஆரம்பிச்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே சேட்டான்னு சொன்னேன்."

தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த ஸ்டான்லியின் கை நின்றது.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சேச்சியத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. 'ரொம்ப நேரம் நின்னுட்டம் போல'ன்னாரு."